பெரிய படகுக்கு எத்தனை பேர்

முதல் பிழை, அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது.

படத்தில் இருந்தது ஒரு பழைய பாய்ப்படகு. இருபத்திரண்டு அடி நீளம், வெள்ளை நிறம், முன்பக்கத்தில் இரண்டு பேர் குனிந்து நுழைந்து படுக்கக்கூடிய ஒரு சிறிய அறை. மட்டக்களப்பு நகரப் பக்கம் வாவிக்கரையில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர் அதை விற்கப்போவதாகச் சொல்லிப் படம் அனுப்பியிருந்தார். நான் குழுவில் கேட்டது ஒரேயொரு கேள்வி: சுக்கானைப் பிடித்திருக்கும் இரும்பில் தெரிவது துருவா, நிழலா? அதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. களுதாவளையிலிருந்து பெரியம்மா, அதில் எத்தனை பேர் இருக்கலாம் என்று கேட்டார். கல்லடியிலிருந்து அத்தான், அதாவது அக்காவின் கணவர், கைதட்டும் பொம்மைகளை வரிசையாக அனுப்பிவிட்டு, வாங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்ளும்படி எழுதினார். வாங்கப்போவது நான் என்பதை நினைவுபடுத்த வேண்டியிருந்தது. அதற்கும் ஒரு பொம்மை வந்தது.

எனக்கென்று ஏற்கனவே ஒரு படகு இருக்கிறது. ஒரு பாய், ஒரு சுக்கான், தண்ணீருக்குள் இறக்கி ஏற்றக்கூடிய ஒரு நடுப்பலகை, அவ்வளவுதான். ஒருவர் வசதியாக இருக்கலாம். இரண்டாவது ஆள் ஏறினால் இருவருக்குமே கால் வைக்க இடமிராது. வாவியில் பாய்ப்படகு ஓட்டப் பழக்கிய நிலையம் ஒன்று மூடப்பட்டபோது, நான் பழகிய அதே படகை மலிவாக வாங்கினேன். ஆரையம்பதியில் எங்கள் வளவின் பின்பக்கம் வாவியில், அம்மாவின் பேச்சில் ஆற்றில், போய் முடிகிறது. பழைய மோட்டார் சைக்கிள் சில்லுகள் இரண்டை வைத்து, நானே வரைந்து கொடுத்து, வெல்டிங் கடையில் ஒரு தள்ளுவண்டி செய்வித்தேன். ஞாயிறு காலையில் படகை அதில் ஏற்றி நானே தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீரில் விடுவேன்.

நான் அரச திணைக்களம் ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வீதி, மதகு, வடிகான் ஆகியவை என் பொறுப்பு. ஒப்பந்தக்காரர் கேட்பார், பொறியியலாளர் கேட்பார், மதிலுக்கு முன்னால் ஏன் கான் வெட்டினீர்கள் என்று வீட்டுக்காரர் கேட்பார். வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்பார். ஞாயிறு காலையில் மட்டும் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்பவர் உட்கார அந்தப் படகில் இடமில்லை.

அப்படியானால் பெரியது எதற்கு என்பது நியாயமான கேள்விதான். நானே அதை எழுதி வைத்துப் பார்த்தேன். சின்னப் படகின் அடியில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. அதில் இருந்து வந்தால் இடுப்புக்குக் கீழே நனைந்துதான் வர வேண்டும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏறும்போதே காற்றும் ஏறிவிடும். தூரம் போக நினைத்த நாளிலெல்லாம் பாதியில் திரும்பியிருக்கிறேன். பெரியது என்றால் காய்ந்த இருக்கையில் உட்கார்ந்து நாள் முழுவதும் போகலாம். அந்த அறையைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது நங்கூரம் போட்ட ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு புத்தகம், ஒரு கைவிளக்கு. அதே அறையைப் பார்த்ததும் பெரியம்மாவுக்குத் தோன்றியது பேரப்பிள்ளைகளைப் படுக்கப் போடலாம் என்பது.

முடிவெடுக்கும் முன் தீர்க்க வேண்டிய விஷயங்கள் சில இருந்தன. அவற்றை வீட்டில் சொன்னது இரண்டாவது பிழை. முதலாவது, ஆழம். பெரிய படகின் நடுப்பலகை இரும்பு. அதை முழுவதும் ஏற்றினாலும் படகு மிதக்கத் தொடையளவு தண்ணீர் வேண்டும். கச்சான் காலத்தில் எங்கள் வளவுக்குப் பின்னால் முழங்காலளவுதான் நிற்கும். மூங்கில் தடியில் பெயின்ற் கோடு போட்டு நானே அளந்திருக்கிறேன். மழை பெய்தால் ஏறும்தானே என்றார் அத்தான். மழை பெய்து ஏறினால், மாரி வெள்ளத்தில் அடிபடாமல் படகைக் கரையில் எங்கே ஏற்றி வைப்பது என்று கேட்டேன். வளவு மாமரத்தைத் தறித்தால் இடம் வரும் என்றார் பெரியம்மா. அந்த மாமரம் கூரைக்கு மேலே சருகு கொட்டுவதாக அம்மாவுக்கு நெடுநாள் மனத்தாங்கல் இருந்தது. வாரக் கடைசியில் பார்த்தால், படகு பற்றி ஒரு முடிவும் இல்லை, மாமரத்தில் ஒரு பெரிய கிளை இல்லை.

அடுத்தது பாலம். எங்கள் வீட்டுக்குத் தெற்கே மண்முனைப் பாலம், வடக்கே கல்லடிப் பாலங்கள். இரண்டு பக்கமும் பாய்மரத்தை நிமிர்த்தியபடி போக முடியாது. சின்னப் படகில் நான் பாலத்தடிக்கு வந்ததும் பாயைச் சுருட்டி, பாய்மரத்தைக் கழற்றி நீளவாட்டில் கிடத்தி, துடுப்புப் போட்டு அடியால் போய், அந்தப் பக்கம் மறுபடி நட்டுக்கொள்வேன். அலுமினியக் குழாய்தான்; பழகிவிட்டால் பாரமில்லை. பெரிய படகில் இதை எப்படிச் செய்வது என்று விடுதிக்காரரிடம் நேரில்தான் கேட்க வேண்டும்.

நான் தனியே போய்க் கேட்க நினைத்திருந்தேன். போனது ஒரு வேன். அம்மா, பெரியம்மா, அக்கா, அத்தான், எல்லோருக்கும் சோற்றுப் பார்சல், ஒரு பாய். இது படுக்கிற பாய். அம்மாவின் பைக்குள் தேசிக்காய்களும் இருந்தன. புதிய வாகனம் எடுத்தால் சில்லுக்குக் கீழே வைத்து நசுக்குவதுபோல, பிடித்துவிட்டால் அப்போதே செய்துவிடலாம் என்று கொண்டு வந்திருக்கிறார். படகுக்குத்தான் சில்லு இல்லையே, எதற்குக் கீழே வைப்பது என்பதுதான் கல்லடிப் பாலம் தாண்டும்வரை வேனுக்குள் பேச்சு.

விடுதிக்காரர் மரியாதையான மனிதர். நான் தனியே வருவேன் என்று எதிர்பார்த்திருந்தவர், வேனில் இருந்து ஒவ்வொருவராக இறங்குவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் உயிர்காப்பு அங்கிகளை எடுத்து வந்தார். பெரியம்மாவுக்கு அங்கியின் வார் போதவில்லை. சேலைக்கு மேல் அதைக் கட்டி முடிப்பதற்குள் காற்றே பக்கம் மாறிவிட்டது. ஒருவழியாக எல்லோரும் ஏறினோம், சுக்கான் என் கையில்.

பாய் பக்கம் மாறும்போது, அதன் அடியில் இருக்கும் நீளக் கம்பு தலைமட்டத்தில் வீசிக்கொண்டு மறுபக்கம் வரும். படகில் இருப்பவர்கள் குனிய வேண்டும், குனிந்தபடியே மறுபக்கம் போய் உட்கார வேண்டும். நான் பழகிய இடத்தில் இதற்கு ஒரு சின்னக் கூப்பாடுதான். கேட்டவுடன் எல்லோரும் குனிவோம். பெரியம்மாவைப் பார்த்து நான் எப்படிக் "குனி" என்பது? "பெரியம்மா, தலையக் கொஞ்சம் குனியுங்க" என்று தொடங்கி, "கொஞ்சம்" வரைக்கும் வந்தபோது கம்பு வந்துவிட்டது. நல்லவேளை அவர் குள்ளம். பின்னால் இருந்த அத்தானின் தொப்பி வாவிக்குள் போனது. அதை எடுக்கத் திரும்பினோம். திரும்புவதற்கு எல்லோரும் இன்னொரு முறை குனிய வேண்டியிருந்தது. அக்கா முழு நேரமும் அறைக்குள் இருந்தபடி, இதற்கு நல்ல திரைச்சேலை ஒன்று தைக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

படகைப் பற்றி உண்மையையும் சொல்ல வேண்டும். அது நல்ல படகு. முகத்துவாரப் பக்கம் திருப்பியபோது ஒரு பலத்த காற்று வந்து அடித்தது. என் சின்னப் படகென்றால் நான் வெளியே சாய்ந்து தொங்கியிருப்பேன். இது கொஞ்சம் சரிந்து, நிதானித்து, புதிதாகத் தார் போட்ட கார்ப்பெற் வீதியில் வேன் போவதுபோல் சத்தமில்லாமல் போனது. சுக்கான் கைக்குள் அடங்கி இருந்தது. துருவென்று நான் சந்தேகித்தது நிழல்தான். அந்தக் கொஞ்ச நேரம், பின்னால் நடந்த பேச்சு எதுவும் என் காதில் விழவில்லை. எனக்கு அந்தப் படகு வேண்டும் போலிருந்தது.

கரைக்கு வந்ததும் பாய்மரத்தை இறக்கிப் பார்க்கலாமா என்று விடுதிக்காரரிடம் கேட்டேன்.

"தனிய ஒண்ணாது மிஸ். நான் எப்பவும் ரெண்டு மூணு பேர வச்சுத்தான் இறக்குற."

இருந்தும் முயன்றேன். கயிறைச் சுற்றிப் பிடித்து மெல்ல மெல்லச் சரித்தேன். பாதிவரை வந்தது. அதற்கு மேல் அது என்னை இறக்கத் தொடங்கியது. விடுதிக்காரரும் அத்தானும் பாய்ந்து வந்து தாங்கினார்கள். அத்தானுக்கு அதில் பெரிய சந்தோஷம்.

"நாங்க என்னத்துக்கு இரிக்கம்? ஒரு கோல் அடிச்சாக் காணும், வந்து நிப்பம்."

திரும்பி வரும் வழியில் அந்தத் தொலைபேசிக் கோலைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். இப்போது ஞாயிறு காலையில் நான் பார்ப்பது காற்று, கயிறு, அடித்துளை அடைப்பு, அங்கி. பெரிய படகு வந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அத்தானுக்கு ஒரு கோல். அவர் அக்காவிடம் சொல்வார். பிள்ளைகளும் வர ஆசைப்படுகிறார்கள் என்பாள் அக்கா. களுதாவளைக்குத் தகவல் போகும். நான் பாயை ஏற்றுவதற்குள் சோறு கட்டி முடிந்திருக்கும்.

ஆனால் பாய்மரம் பாரம் என்பதற்காக ஒரு படகை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாரம் தூக்குவதற்கு வழி இருக்கிறது. வீட்டுக்கு வந்து, இரண்டு கம்பும் ஒரு கப்பியும் வைத்து அந்தப் பாய்மரத்தை ஒரே ஆள் இறக்கி ஏற்றும் ஒழுங்கு ஒன்றை வரைந்தேன். வரைபடம் சரியாகவே வந்தது. உடுப்பு மடித்துக்கொண்டு வந்த அம்மா, என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு? அதான் அத்தான் வாறன் எண்டாரே."

"அவர் இல்லாம இறக்குறதுக்கு."

"அப்ப, பெரிச வாங்கியும் தனியத்தான் போகப் போறாயா?"

"ஓம்."

அம்மா மடித்த துணியோடு அலுமாரிப் பக்கம் போனார்.

"மறுகா என்னத்துக்குப் பெரிசு? நான் ஓமெண்டதே ஒராளெண்டாலும் உன்னோட வரட்டும் எண்டுதான். நீ ஞாயித்துக்கிழமை போனா, திரும்பி வாற வரைக்கும் நான் ஆத்தையே பாத்துக்கிட்டு இரிக்கன்."

இத்தனை நாளாக மாமரம், தேசிக்காய், சோற்றுப் பார்சல் என்று ஓடியதெல்லாம் இதற்காகத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. என் பட்டியலில் ஆழம் இருந்தது, பாலம் இருந்தது, மாரி இருந்தது. இது இருக்கவில்லை. அம்மாவின் பட்டியலில் இது மட்டும்தான் இருந்திருக்கிறது. முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு மாமரக்கிளையாவது மிஞ்சியிருக்கும்.

"நான் போறதே தனிய இரிக்கத்தான் அம்மா."

"தனிய இரிக்க வீட்டுல உனக்கொரு அறை இல்லையா?"

அதைக் கேட்கும்போது அவர் என் அறைக்குள் நின்று, என் அலுமாரியைத் திறந்து, என் உடுப்புகளைத் தன் ஒழுங்குக்கு மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அலுமாரியைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார். கையில் இருந்ததைக் கட்டிலில் வைத்தார்.

"சரி. பாலத்தடிக்குப் போனதும் எனக்கொரு கோல் அடி. அது காணும்."

போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் என் அறைக் கதவை நான் அல்லாத ஒருவர் சாத்தியது அதுதான் முதல் தடவை. உடனேயே மறுபடி திறந்து, தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார்.

மறுநாள் விடுதிக்காரருக்கு நன்றி சொல்லி, வாங்கவில்லை என்று அறிவித்தேன். குடும்பக் குழுவிலும் ஆழம், மாரி, பாலம் என்று காரணங்களை ஒழுங்காக எழுதினேன். பெரிசில் இடம் இருக்கும்வரை அதில் உட்கார ஆட்களும் இருப்பார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. பெரியம்மா, அப்படியானால் திரைச்சேலைத் துணி வாங்க வேண்டாமா என்று கேட்டார். பெரிய படகுக்கென்று எடுத்து வைத்திருந்த சீட்டுக் காசில் ஒரு பகுதியை வைத்துச் சின்னப் படகின் அடியை முழுவதுமாகச் சுரண்டி, புதிதாகப் பூச்சுப் போட்டேன். புதுப் பாயும் வாங்கினேன். இருக்கை இன்னும் நனைகிறது. நாள் முழுவதும் போகவும் முடியாது. அந்த அறையில் ஒரு புத்தகத்தோடு இருந்திருக்கலாமே என்று இடைக்கிடை தோன்றாமலும் இல்லை.

புதுப் பாயோடு போன முதல் ஞாயிறு, கல்லடிப் பாலத்தடியில் பாய்மரத்தைக் கழற்றிக் கிடத்திவிட்டு அம்மாவுக்குக் கோல் எடுக்க நினைத்தேன். நீரோட்டம் பாலத்தூண் பக்கம் இழுத்ததால் முதலில் துடுப்பை எடுத்தேன். அப்போது மேலே இருந்து ஒரு குரல் கேட்டது. அத்தான். சீனி வருத்தத்துக்காக வைத்தியர் நடக்கச் சொன்னதில் இருந்து காலையில் பழைய பாலத்தில் நடக்கிறவர். இப்போது கம்பியில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாருகா, அந்த விடுதிக்காரர் விலை குறைப்பாராம். நான் கேட்டனான்."

"வேணாம் அத்தான்."

"ஏனாம்?"

பதில் சொல்வதற்குள் பாலத்தின் நிழலுக்குள் போய்விட்டேன். உள்ளே குளிர்ந்திருந்தது. தூணில் தண்ணீர் மோதும் சத்தம் மட்டும்தான். மெதுவாகத் துடுப்புப் போட்டேன். மறுபக்கம் வெயிலுக்குள் வந்து அண்ணாந்து பார்த்தால், அத்தான் பாலத்தைக் குறுக்கே கடந்து இந்தப் பக்கக் கம்பியில் வந்து நிற்கிறார்.

"ஏனாம் எண்டு கேட்டன்."

நான் பாய்மரத்தை நட்டு, அதைப் பூட்டும் ஊசியைச் செருகி, பாயை ஏற்றினேன். புதுத் துணி படபடத்து, பிறகு காற்றைப் பிடித்து நிறைந்தது. அத்தான் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். படகு நகர்ந்து கொஞ்சத் தூரம் வந்ததும் தொலைபேசி அடித்தது. அம்மா.

"பாலத்தத் தாண்டிட்டியாமே. அத்தான் சொன்னாரு."

"ஓம் அம்மா."

"சரி, வை."

தொலைபேசியைத் தண்ணீர் புகாத பைக்குள் போட்டு, வாயை இரண்டு முறை மடித்துப் பூட்டினேன்.