நோபர்ட் காயவைத்த கல்யாணம்

யட்டவத்தைக்கு மேலே உள்ள ஒரு மிளகுத் தோட்டத்தில் நோபர்ட் இருபத்தெட்டு வருடமாக ஸ்டோர் கீப்பர். மூன்று கிலோ பச்சை மிளகைக் காயவைத்து ஒரு கிலோவாக்கி மூட்டை கட்டுவது அவருடைய உத்தியோகம். பாரம்தான் போகும், காரம் போகாது என்று புதிதாக வந்த ஒவ்வொரு துரைக்கும் அவர் விளக்கியிருக்கிறார். எந்தத் துரையும் காது கொடுத்துக் கேட்டதற்கு ஆதாரம் இல்லை.

வீட்டில் அவருக்கு இன்னொரு பதவியும் உண்டு. தன் பக்கம், மனைவி கெத்தரின் பக்கம் என்று இரண்டு பக்கத்திலும் நடந்த ஞானஸ்நானம், முதல் நன்மை, கல்யாணம், அடக்கம் அத்தனையின் வீடியோவும் அவர் வசம். யார் வீட்டு டிஸ்க்கில் கீறல் விழுந்தாலும் “நோபர்ட்கிட்ட இருக்கும்” என்பார்கள். இருந்தது. ஜெபமாலைப் பெட்டிக்குள், ஜெபமாலைக்கே இடமில்லாதபடி, ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. கணினியில் ஏற்றிய பழைய டிவிடிகளை அவர் வீணாக்கவில்லை. கிளி விரட்டக் கொய்யா மரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டார்.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது.

“புதுசா ஒன்னு வாங்குங்க டெடி,” என்றாள் மகள் ஷெனாலி.

“ஸ்டோர் நெறஞ்சா புது ஸ்டோரா கட்டுவாங்க? சரக்க காயவைக்கணும்.”

அதற்கும் வழி இருந்தது. எச்.265 என்ற புதிய சுருக்கும் முறைக்கு மாற்றினால் பழைய வீடியோவுக்கு மூன்றில் ஒரு பங்கு இடமே போதும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். மூன்றுக்கு ஒன்று! நோபர்ட்டுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

லேப்டொப் சாப்பாட்டு மேசையில் நாற்பத்தொரு நாள் ஓடியது. மலை ஏறும் பஸ்ஸைப் போல இரைந்தது. குடும்பம் மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டது. மாறி வந்த ஒவ்வொன்றிலும் முதல் மூன்று நிமிடம் பார்த்து, ஸ்டோர் ரெஜிஸ்டர் போல ஒரு கொப்பியில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். பிறகு பழையவற்றை எல்லாம் அழித்தார். காய்ந்த மிளகோடு பச்சை மிளகை வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இது தொழில் தெரிந்த எவரும் அறிந்தது. நாற்பத்திரண்டாம் நாள் லேப்டொப்பும் கண்ணை மூடியது. அதை மாத்தளைக்குத் திருத்தக் கொடுத்தார்கள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து கலேவெலயிலிருந்து கெத்தரினின் தங்கை தெரேசாவும் அவள் கணவர் மகேஸ்வரனும் வந்தார்கள். அவர்களுடைய கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருடம் நிறைந்த நாள். அந்தக் கல்யாண வீடியோவின் ஒரே பிரதி நோபர்ட்டிடம்தான் இருந்தது. அக்காள் தங்கை இருவரின் இறந்துபோன தகப்பனும் தாயும் சேர்ந்து நிற்கும் ஒரே காட்சியும் அதில்தான்.

நோபர்ட் டிவிக்கு முன்னால் நின்று சிறு உரை ஆற்றினார். “ஒன்னும் குறையல. பாரம் மட்டும்தான் குறைஞ்சிருக்கு.”

“அப்படினா என்னையும் அதுல போட்டு எடுங்க அத்தான்,” என்றாள் தெரேசா.

லேப்டொப் கண்ணை மூடுமுன் ஏற்றிவைத்திருந்த பென் டிரைவைச் செருகினார். பதினொரு வயதான அந்த டிவி, இந்த வகை வீடியோவைக் காட்ட இயலாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டுவிட்டுக் கறுத்தது. சத்தம் மட்டும் வந்தது. கோயில் மணி, பாடகர் குழு, யாருடையதோ இருமல்.

“அத்தான், என் கல்யாணம் எங்க?”

“உள்ள இருக்கு.”

“உள்ளனா எங்க?”

“உள்ளதான்.”

“பழசு வச்சிருப்பீங்கதானே?”

கெத்தரின் ஜன்னல் வழியாகக் கொய்யா மரத்தைப் பார்த்தாள். டிவிடிகள் வெயிலில் வெளிறிச் சுற்றிக்கொண்டிருந்தன.

“எங்கம்மா அப்பாவ அழிச்சிட்டீங்களா?” தெரேசாவின் குரல் மாறிவிட்டது.

“என் போன்ல ஓடும்னு நெனக்கிறேன் சித்தி, அடாப்டர தேடி எடுத்துட்டு வாறேன்,” என்று ஷெனாலி அறைக்குள் போனாள்.

டிவியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. இருபத்தைந்து வருடத்தில் இந்த வீடியோவை முப்பது தடவையாவது போட்டிருப்பார்கள். “அந்தா நான்”, “அந்தா மாமா” என்று எல்லோரும் கத்தியதில் ஒரு தடவைகூட எவரும் அதைக் கேட்டதில்லை. இப்போது பார்க்க ஒன்றும் இல்லாததால் கேட்டார்கள். அன்று கமராவைப் பிடித்திருந்தவர் நோபர்ட். கமராவுக்கு மிகக் கிட்ட இருந்த வாயும் அவருடையதே.

“மாப்பிள்ள ஒரு மணித்தியாலம் லேட்டா வந்துட்டு யானைய சாட்டு சொல்றான் பாரு,” என்றது டிவிக்குள்ளிருந்து இளம் நோபர்ட்டின் குரல். “ஆறு மாசம், கெத்தி. அதுக்கு மேல இந்தக் கல்யாணம் ஓடாது. எழுதி வச்சிக்க.”

“ஆறா? மூணே ஜாஸ்தி,” என்றது இளம் கெத்தரினின் குரல்.

பாடகர் குழு அல்லேலூயா பாடியது.

அடுப்பில் ஏதோ வைத்திருப்பது ஞாபகம் வந்து கெத்தரின் எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மகேஸ்வரன் கறுத்த திரையிலிருந்து நோபர்ட் பக்கம் திரும்பினார். “சகல,” என்றார், “நீங்க சொன்னது சரி. ஒன்னும் குறையல.”

“அது வந்து, அப்ப சின்ன வயசு...”

“ஆறு மாசத்த விடுங்க. யானை உண்மையா நின்னுச்சு. லக்கல ரோட்டுக்கு குறுக்க, குட்டியோட. இருவத்தஞ்சு வருசமா நீங்க அத நம்பலயா?”

நோபர்ட் டிவியிலிருந்து பென் டிரைவைக் கழற்றினார்.

ஷெனாலி அடாப்டரோடு வந்து பென் டிரைவைப் போனில் செருகினாள். படம் பளிச்சென்று வந்தது. பீடத்தருகே தகப்பன் கழுத்துப் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தார், தாய் அவர் கையைத் தட்டிவிட்டுத் தானே போட்டுவிட்டாள். தெரேசா போனை வாங்கிக்கொண்டாள். பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை.

“அத்தான்,” என்றாள் தலை நிமிராமல், “எங்கட டிவில ஓடுற மாதிரி பழைய வகைக்கே மாத்தி ஒரு கொப்பி தாங்க. சத்தத்த வெட்டாம.”

லேப்டொப் திரும்பி வந்ததும் நோபர்ட் மாற்றினார். படம் ஒரு துளியும் கூடவில்லை, பாரம் மட்டும் மும்மடங்காகத் திரும்பி வந்தது. காய்ந்த மிளகு மறுபடி பச்சையாவதை அவருடைய சேவைக்காலத்தில் அன்றுதான் கண்டார். வாய் திறக்காமல் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வாங்கினார்.

அடுத்த மாதம் பிரதியைக் கொடுக்க கலேவெல பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மகேஸ்வரனுக்குப் போன் போட்டார். மரக்கறி லொறிக்குப் பின்னாலிருந்து நோபர்ட்டின் சொந்தக் குரலே கேட்டது.

“யானைய சாட்டு சொல்றான் பாரு. ஆறு மாசம், கெத்தி...”

ஷெனாலி வெட்டி அனுப்பிய ஒன்பது விநாடி, இப்போது மகேஸ்வரனின் ரிங்டோன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகேஸ்வரன் போனைக் கையில் ஏந்தி, அது இரண்டு தடவை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகுதான் எடுத்தார்.

“வந்துட்டீங்களா சகல? வழியில யானை ஒன்னும் நிக்கலதானே?”