மழைப் புத்தகத்தின் கடைசிக் கட்டம்

ஹேவாஹெட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குச் சின்னக் கிளாக்கராக நான் ஏறிப்போனது கவிதைக்காகத்தான். பனியும் அருவியும் நிலவும் சும்மா கிடைக்கிற இடத்தில் கவிஞனாகாமல் இருப்பதுதான் கஷ்டம் என்று நம்பினேன். நிலவைப் பற்றி நாற்பது பாட்டு எழுதினேன். கொழும்புப் பத்திரிகை ஒன்று, 'நிலவு இங்கேயும் தெரிகிறது' என்று ஒரு வரி எழுதி, நாற்பதையும் திருப்பி அனுப்பியது.

எனக்கு வாய்த்த வேலையோ மழையை அளப்பது. தினமும் காலையில் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் பின்னாலிருந்த மழைமானியைத் திறந்து, நேற்றைய மழையைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, இத்தனை அங்குலம் என்று புத்தகத்தில் பதிய வேண்டும். கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணொருத்தி ஒருநாள் நின்று பார்த்தாள்.

"வானம் பேஞ்சத அளந்து யாருக்கு ஐயா குடுக்கப் போறீங்க?"

"துரைக்கு."

"பத்தலேன்னா துரை ஊத்துவாரா?"

அந்த எரிச்சலில், புத்தகத்தில் எவரும் தொடாத குறிப்புக் கட்டத்தில் தமிழில் எழுதினேன்: 'சம்பந்தி வீட்டார் மாதிரி ஒரு மழை. வருமுன் ஒரு மணி நேரம் முழக்கம். வந்தபின் அரை அங்குலம்.' மறுநாள்: 'கங்காணி பார்க்கும்போது மட்டும் வேலை செய்த தூறல்.' அதன்பின் நிலவை மறந்தேன். மூன்று மாதம் கட்டங்கள் நிரம்பி ஓரங்களிலும் வழிந்தன.

ஒருநாள் தோட்ட நிர்வாகியான துரை புத்தகத்தைத் திறந்தார். வேலை போனால் கண்டியில் அத்தானின் துணிக்கடைதான் கதி. கவிஞனாகப் போகிறேன் என்று அங்கே வாடிக்கையாளர் முன்னால் வேறு சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"இது என்னா, கிளாக்கர்?" துரைக்குத் தோட்டத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர் விரல் பதினொரு வரிமேல் இருந்தது.

யாழ்ப்பாணத்தவரான பெரிய கிளாக்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பதினொரு வரியையும் மனதுக்குள் நிதானமாகப் படித்தார்.

"பெருமழை, சேர்."

விரல் அடுத்த பக்கத்தில் ஏழு வரிக்குப் போனது.

"தூறல், சேர்."

துரை என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தமிள் ரொம்ப நீளம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். பெரிய கிளாக்கர் விடவில்லை.

"தம்பி, வெள்ளிக்கிழமை மழை ஊசி மாதிரி நேரா இறங்கினது எண்டு எழுதியிருக்கிறீர். நீர் எங்கை நிண்டனீர்?"

"ஸ்டோருக்குள்ளே, ஐயா."

"ஓம், தெரியுது. நான் ரோட்டிலை நிண்டனான். அது பக்கத்தாலை அடிச்சது. காதுக்குள்ளையும் தண்ணி."

புத்தகத்தில் ஊசியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அடுத்த மழைக்கு ரோட்டில் இறங்கி நின்றேன். காதுக்குள் தண்ணீர் போனது உண்மைதான். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன்.

அந்த மூன்று நாளும் புத்தகத்தில் பதிந்தவர் பெரிய கிளாக்கர்தான். முதல் நாள் குறிப்பு: 'பெய்தது.' இரண்டாம் நாளும் 'பெய்தது.' மூன்றாம் நாள் 'பெய்தது' என்று எழுதி, அடித்து, பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: 'மழை விடேல்லை.'