லில்லி டீச்சரின் வெள்ளிக்கிழமை வகுப்பு

லில்லி டீச்சரைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன். அவளுக்குக் கெடுதல் செய்தவள் நான். ஆனால் எங்கள் தெருவில் இன்றைக்கு ஒருத்தரும் அவள் பேரை எடுப்பதில்லை. அதனால் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. எனக்குப் பத்து வருஷம் சின்னவள், அதனால் அவள் என்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

1998 தை மாதம் ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் தெருப் பெண்களுக்குப் பயிற்சி என்று சொல்லி அவளை அனுப்பியது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் கோயில் வெளிமண்டபத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு. தையல் மிஷின் தரப்போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்ததால் முதல் நாள் பதினெட்டு பேர் முண்டியடித்துக்கொண்டு போனோம். மிஷினும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒல்லியாக ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்கள்லாம் இன்னா வேலை செய்றீங்க?" என்று கேட்டாள்.

"நாங்க சும்மா வூட்லதான் இருக்கறோம்" என்றேன் நான். எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு அப்போதே உண்டு.

அவள் பக்கத்தில் வந்து என் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரலுக்குக் கீழே காய்த்துப்போயிருந்தது. தறியில் ஓடும் நாடாவுக்குள் வைக்கிற நூலை ராட்டையில் சுற்றுவது எங்கள் தெருவில் பெண்கள் செய்வது. விடிந்ததிலிருந்து சுற்றுவோம். ஆனால் அதற்கு வேலை என்று பேர் கிடையாது.

"சும்மா இருக்கற கையில இது எப்டிக்கா வந்துச்சு?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கோபம்தான் முதலில் வந்தது, நேற்று முளைத்தவள் என்னைக் கேள்வி கேட்கிறாளே என்று. இருந்தாலும் அடுத்த வெள்ளிக்கிழமை முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

அவள் சொல்லிக்கொடுத்தது பார்க்க ரொம்பச் சின்ன விஷயம். எழுந்து நிற்க வேண்டும். இரண்டு காலிலும் சரிசமமாக நிற்க வேண்டும். முந்தானையைக் கையில் பிடித்துத் திருகக் கூடாது. பேரைச் சொல்லிவிட்டு, வேண்டியதை ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்த வேண்டும். சொன்ன பிறகு இளிக்கக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. என் பேர் ஏலவார்குழலி. அந்த நீளப் பேரைக் கல்யாணமான நாளிலிருந்து நானே ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. குமாரசாமி பொண்டாட்டி என்றாலே எல்லாருக்கும் போதுமாக இருந்தது.

வகுப்பு முடியும் முன் கண்ணை மூடி வயிற்றில் கை வைத்துக்கொள்ளச் சொல்வாள். "உள்ள ஒருத்தி இருக்கறாக்கா. அவ இன்னா சொல்றான்னு கேளுங்க. நடுவுல நீங்க பேசாதீங்க." நாங்கள் குபீரென்று சிரிப்போம். பிறகு ஒருநாள் நான் நிஜமாகவே கேட்டேன். எட்டாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பெண்ணை ராட்டையில் உட்கார வைத்துவிட்டார்களே என்று ஒருத்தி உள்ளே புலம்பிக்கொண்டிருந்தாள். மண்டபத்திலேயே தேம்பித் தேம்பி அழுதேன். லில்லி என் முதுகில் கை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பெற்றவள்கூட அப்படி உட்கார்ந்ததில்லை.

எங்கள் தெருவில் ஆடி பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் போடுவார்கள். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் முறை, தெருப் பஞ்சாயத்து எல்லாம் அங்கேதான் பேசுவார்கள். ஆண்கள் பாயில் உட்காருவார்கள், நாங்கள் தூண் மறைவில் நின்று வேடிக்கை பார்ப்போம். 1999 கூட்டத்துக்கு லில்லி எங்களை நான்கு மாதம் தயார் செய்தாள். தெருத் தலைவர் மயில்வாகனம் மாமாவிடம் அவளே நடையாய் நடந்து பேசி, பெண்களுக்கும் உட்கார ஒரு பாய் போட வைத்தாள். அன்றைக்கு நான் எழுந்து, பெண்களுக்குக் கழிப்பிடம் வேண்டும், கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பொது இடத்தில் கட்ட வேண்டும் என்று சொல்லி நிறுத்தினேன். இளிக்கவில்லை. ஆறு மாதத்தில் கட்டினார்கள். அப்புறம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் எந்த வீட்டில் என்ன தகராறு என்றாலும் குழலியைக் கூப்பிடு என்று ஆகிவிட்டது.

லில்லி செவிலிமேட்டில் வாடகைக்கு இருந்தாள். புருஷன் ஜோசுவா லாரி விபத்தில் போய்விட்டான். நதியா என்று ஒரே பெண், அப்போது ஐந்தாம் வகுப்பு. இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு பிடி இல்லை. "உங்க தெருவுல வேணாம்னு ஒரு லெட்டர் போட்டா அன்னிக்கே என்னை நிறுத்திடுவாங்கக்கா" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். "அப்படி எவ போடுவா, நாங்க இருக்கறோம்" என்றேன் நான். வாய்க்கு ஒன்றும் குறைச்சலில்லை.

அவள் கிறிஸ்தவள் என்று தெரியும். அதற்கு மேல் நாங்கள் துருவவில்லை. துருவாமல் விட்டது பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். அவள் சேலை கட்டும் நேர்த்தியையும் பேச்சையும் பார்த்து, மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் குடும்பமாக இருக்கும் என்று நாங்களே ஒரு கதை கட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். அவளும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

2001 ஆனியில் அவள் அப்பா வீரபத்திரன் இறந்துபோனார். ஊர் தென்னேரி என்று தகவல் வந்தது. நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டவள் வீட்டுச் சாவுக்கு, எடுப்பதற்குள் மாலையோடு போய் நிற்பது எங்கள் முறை. ஆறு பேர் வேன் பேசிக்கொண்டு கிளம்பினோம். மாலை என் மடியில் இருந்தது. எந்தத் தெரு, யார் வீடு என்று கிளம்பும்போது ஒருத்திகூடக் கேட்கவில்லை, அவ்வளவு பிரியமாகத்தான் போனோம்.

ஏரிக்கரையில் டிரைவர் வழி விசாரித்தான். ஊருக்குள் போகாமல் இடது பக்கம் இறக்கத்தில் திரும்பினான். பறைச் சத்தம் கேட்டது. காலனி என்று போர்டு இருந்தது. வேனுக்குள் பேச்சு பட்டென்று நின்றுபோனது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

லில்லி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். "அக்கா, வந்துட்டீங்களா" என்று என் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். நான் இறங்கவில்லை. கால் மரத்துப்போனது என்றெல்லாம் சொல்லி ஏமாற்ற மாட்டேன். கால் நன்றாகத்தான் இருந்தது. எதிர்வீட்டு அன்னம்மாள் மட்டும் என் மடியிலிருந்த மாலையைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். "லேட் ஆயிடுச்சு டீச்சர், தறியில நூல் போட்டது போட்டபடி கெடக்குது" என்றேன். லில்லி என்னைப் பார்த்துக்கொண்டே ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். அன்னம்மாள் வந்ததும் வண்டியைத் திருப்பினோம். வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டோம். சாவு வீட்டுக்குப் போனால் குளிப்பதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மண்டபத்தை மூன்று முறை கழுவினார்கள். அந்த வாரமே ஆடிக் கூட்டம்.

அப்போது என் மகளுக்கு மயில்வாகனம் மாமாவின் தங்கை பேரனைப் பேசி முடித்திருந்தது. ஆவணியில் கல்யாணம். கூட்டத்துக்கு முந்தின நாள் மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "டீச்சர் வேணாம்னு நாங்க சொன்னா ஆம்பளைங்க தொரத்திட்டாங்கன்னு பேராயிடும்மா. நீதான் நல்லா பேசுவியே, நீயே சொல்லிடு. சம்பந்தி ஆகப்போறவ" என்றார். என் புருஷன் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா போனதும் அவர் மறுபடி தறியை ஓட்டினார், நான் ராட்டையில் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லில்லி வந்தாள். வராமல் இருந்திருக்கலாம். ஆனால் வந்தாள். மண்டபத்து வெளிப்படியில் நின்று, "நான் ரெண்டு வார்த்தை பேசலாங்களா?" என்று கேட்டாள்.

"தெரு ஆளுங்கதான் இங்க பேசறது" என்றார் மாமா. "உன்னோட படிச்ச பொம்பளைங்க இருக்கறாங்களே, அவங்க சொல்லட்டும். வேணும்னு ஒருத்தி சொன்னாலும் போதும், நீ வந்துக்கினு இரு."

லில்லி எங்கள் பாயைப் பார்த்தாள். பயமே இல்லாமல் பார்த்தாள். மூன்றரை வருஷம் எங்களை வளர்த்துவிட்டிருந்தாள், ஒருத்தியாவது எழுந்திருப்பாள் என்று நம்பினாள். அன்னம்மாள் தலையைக் குனிந்துகொண்டு பாய்க் கோரையைப் பிய்த்தாள். மாலையைக் கொண்டுபோய்ப் போட்டதற்காக அவள் புருஷன் முந்தின நாள் அவளை அடித்திருந்தான்.

நான் எழுந்தேன். லில்லி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகும்தான் பேசினேன்.

"எம் பேரு ஏலவார்குழலி. லில்லி டீச்சர் வகுப்பு எங்களுக்கு இனிமே வேணாம்."

குரல் நடுங்கவில்லை. முந்தானையைத் திருகவில்லை. "இதான் பேச்சு!" என்று மாமா தொடையில் தட்டினார். வேண்டாம் என்று எழுதிய கடிதத்தில் அப்புறம் கையெழுத்துப் போட்டது எனக்கு நினைவில்லை. அன்றைக்கே கடிதம் போனது. ஆவணியில் என் மகள் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மணமேடையில் நின்றபோதும் எனக்கு அந்த முகம்தான் கண்ணில் நின்றது.

அடுத்த தையில் பொறுக்க முடியாமல் டவுன் பஸ் ஏறிச் செவிலிமேட்டுக்குப் போனேன். அவள் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்திருந்தாள். கம்பெனி பஸ்ஸுக்காக டிபன் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. நதியா உள்ளேயிருந்து என்னை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"தப்பு பண்ணிட்டேன் டீச்சர். பொண்ணு கல்யாணம்... மன்னிச்சிடுங்க" என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு யார் முன்னாடிக்கா சொன்னீங்க?"

"தெருவே இருந்துச்சு."

"இப்ப?"

நான் அவள் கையை விட்டேன்.

"தப்புன்னு உங்களுக்குத் தெரியுது. எனக்கும் தெரியுது. நம்ம ரெண்டு பேருக்குத் தெரிஞ்சு ஆகறது ஒண்ணுமில்லக்கா. அங்க எழுந்து சொல்லிட்டு வாங்க. நான் அந்த மண்டபத்துக்கு இனி வரமாட்டேன், பயப்படாதீங்க. நீங்க சொன்னாப் போதும். அப்பறம் வாங்க, உள்ள உட்கார வெச்சு காப்பி தர்றேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் திட்டிவிட்டாள் என்று மனசாறித் திரும்பியிருப்பேன். அவள் நிதானமாகச் சொன்னாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. ஏழு ஆடிக் கூட்டத்துக்கும் போய்விட்டேன். மயில்வாகனம் மாமா காலமாகிவிட்டார். என் மகளுக்கு இரண்டு பிள்ளைகள், அவளை இனி யாரும் திருப்பி அனுப்பப்போவதில்லை. பெண்கள் பாயில் முன்வரிசையில் எனக்கென்று இடம் விட்டு வைக்கிறார்கள். "பொம்பளைங்க பக்கம் யார்னா பேசறீங்களாமா?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்கிறார்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒன்றுமில்லை என்று நான் தலையாட்டிவிடுகிறேன்.