ஹோம் தியேட்டரில் கேட்ட மிக்ஸி

கரண்ட் என்றால் எனக்குப் பயம். கரண்ட் வேலை செய்துதான் பல வருஷம் சாப்பிட்டேன். இரண்டும் உண்மை.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெங்களூரில் ஓட்டலில் தட்டு கழுவினேன், லாரியில் கிளீனராகப் போனேன், பிறகு விழுப்புரம் பக்கம் ஒரு மைக்செட்காரரிடம் சேர்ந்தேன். அங்கே என்னோடு ஒரே பாயில் படுத்தவன், ஒரு திருவிழாவில், தூறல் விட்டிருந்த நேரத்தில் மைக் ஸ்டாண்டைப் பிடித்தான். பிடித்த கையை அவனால் விட முடியவில்லை. கட்டையால் அடித்துப் பிரித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து எந்த இரும்பையும் முதலில் புறங்கையால்தான் தொடுவேன். புறங்கையில் பட்டால் கை உதறிக்கொள்ளும். உள்ளங்கையில் பட்டால் விரல்கள் மூடிக்கொள்ளும், திறக்காது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் இருந்தேன். படுக்கையும் கடையிலேயே. ஒரு பௌர்ணமி அன்று மதியம் கடைக்காரர் என்னை அடி அண்ணாமலைக்கு அனுப்பினார். துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர் ஹோம் தியேட்டர் வாங்கியிருக்கிறார், வீட்டில் இருக்கும் வீடியோ கேமையும் டிவியையும் அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். பௌர்ணமிக் கூட்டத்துக்காக பஸ்ஸைப் பாதி வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். மீதியை நடந்தேன். பங்குனி வெயில்.

வீடு கிரிவலப் பாதையிலேயே இருந்தது. வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு அந்த வீட்டம்மாவின் தம்பி ஜூஸ் கடை வைத்திருந்தார். பௌர்ணமிக்கு மட்டும் போடும் கடை. மேஜைமேல் மிக்ஸி, பக்கத்தில் பழக்கூடை. வீட்டுக்குள் சிமெண்ட் தரையை அப்போதுதான் கழுவி விட்டிருந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்றுதான் வேலை செய்ய வேண்டும்.

"கேம் நீங்க ஆடறதா தம்பி?" என்று துபாய்க்காரரைக் கேட்டேன்.

"நான் எங்கண்ணா ஆடறது? எடுத்தாந்ததுதான் நானு. அம்மா கைல இருந்து புடுங்கவே முடியல."

அம்மா என்றால் ஐம்பது வயதுக்காரர். டிவிக்கு முன்னால் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டிருந்தார். கார் ரேஸ் மட்டும்தான் ஆடுவாராம்.

"சீக்கிரம் மாட்டுப்பா. வண்டி நிக்குது," என்றார்.

நாலு மூலையிலும் ஆணி அடித்துச் சின்ன ஸ்பீக்கர்களை மாட்டினேன். ஐந்தாவதை டிவிமேல் வைத்தேன். கேம் பெட்டியின் மஞ்சள் ஒயர் டிவிக்கு, சிவப்பும் வெள்ளையும் ஹோம் தியேட்டருக்கு. டிவிக்கும் கேம் பெட்டிக்கும் ரெண்டு பின் பிளக். ஹோம் தியேட்டர் இரும்புப் பெட்டி, அதற்கு மட்டும் மூன்று பின். அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. எர்த்து உள்ள சாமான் ஆளை அடிக்காது என்று நம்பியிருந்தேன்.

போட்டதும் பின்பக்கச் சுவரிலிருந்து கார் உறுமியது. அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

"எவன்டா அவன், வீட்டுக்குள்ள வண்டிய உடறது!"

மகன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போது ஐந்து ஸ்பீக்கரும் சேர்ந்து 'ஊம்ம்ம்' என்று முனகின. உடனே நின்றது. புறங்கையால் இரும்புப் பெட்டியைத் தொட்டேன். ஒன்றுமில்லை. டெஸ்டரை வைத்தேன், எரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே முனகல்.

"ஸ்பீக்கர் போட்டப்புறம் கைல நல்லாவே ஜிவ்வுங்குதுடா," என்றார் அம்மா.

"வண்டி இடிச்சா அதுரும்மா. அப்டித்தான் செஞ்சிருக்கான். தினம் அதுருதுல்ல?"

நான் டிவியைப் பார்த்தேன். ரேஸ் தொடங்கவே இல்லை. கார் கோட்டில் நின்றுகொண்டிருந்தது.

குனிந்து ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தேன். ஜாய்ஸ்டிக்கின் கழுத்தில் ஒயரை எலி கடித்திருந்தது. அதைச் சுற்றியிருந்த செலோ டேப் கழன்று, உள்ளே செம்பு தெரிந்தது. அம்மாவின் விரல் அதன்மேல்தான் இருந்தது. கால் ஈரத் தரையில்.

"அம்மா, அத கீழ வைங்க."

"ஏம்பா, உனக்கும் ஆடணுமா? இரு, ஒரு ரவுண்டு ஓட்டிட்டுத் தரேன்."

"வைங்கம்மா!"

"கரண்ட் வேல செய்றவரு இப்டி பயப்படறீங்களே அண்ணா," என்று மகன் சிரித்தார்.

டெஸ்டரை இரும்புப் பெட்டியிலிருந்து எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தேன். வெளியே யாரோ சாத்துக்குடி கேட்டார்கள். மிக்ஸி கத்தியது. ஐந்து ஸ்பீக்கரும் முனகின. என் விரலுக்கடியில் டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

"டேய்," என்றார் அம்மா. குரல் மாறிவிட்டது. "ஜாஸ்தியாவுதுடா..."

விரல்கள் மூடிக்கொண்டிருந்தன. எனக்கு மைக் ஸ்டாண்டைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. ஓடினேன், ஈரத்தில் வழுக்கி விழுந்து எழுந்து, வாசல் கதவுக்குமேல் இருந்த மெயினைப் பிடித்துக் கீழே இழுத்தேன். டிவி அணைந்தது. மிக்ஸியும் நின்றது. ஜாய்ஸ்டிக் அம்மாவின் கையிலிருந்து தரையில் விழுந்தது.

"எவன்டா மெயின ஆஃப் பண்ணது? பாதி கிளாஸ்ல நிக்குது!" ஜூஸ் கடைத் தம்பி உள்ளே வந்தார்.

"கடைக்கு லைன் எங்க இருந்து எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"ஜன்னல் பிளக்ல ஒத்த ஒயரு. இன்னொண்ணுக்கு ஒயரு பத்தல, வாசல்ல எர்த்து கம்பி இருக்குதுல்ல, அதுல சுத்திட்டேன். பௌர்ணமிக்கு பௌர்ணமி இப்டித்தான். இந்த ரோட்ல பாதி கடை இப்டித்தான். இதுவரைக்கும் ஒண்ணும் ஆவல."

ஆகாததற்குக் காரணம் இருந்தது. மிக்ஸியின் கரண்ட் திரும்பிப் போக மண்ணை நம்பியிருந்தது. வெயிலில் காய்ந்த மண் அதை வாங்கவில்லை. அதனால் எர்த்து ஒயர் வழியாக வீட்டுக்குள்ளேயே ஏறி வந்தது. இதுவரை அந்தக் கூடத்தில் மூன்று பின் சாமான் எதுவும் இல்லை, வந்த கரண்டுக்குப் போக்கிடமும் இல்லை. இன்று நான் கொண்டுவந்து வைத்தேன். இரும்புப் பெட்டியில் ஏறி, சிவப்பு வெள்ளை ஒயரில் கேம் பெட்டிக்குப் போய், ஜாய்ஸ்டிக் வழியாக அந்த அம்மாவின் கைக்கு வந்தது. நான் நம்பிய மூன்றாவது பின்தான் அதற்கு வழி.

சொன்னேன். ஜூஸ் கடைத் தம்பி நம்பவில்லை. கேம் பெட்டியின் ஒயர்களைக் கழற்றினேன். ஒரு குண்டு பல்பின் ஒரு ஒயரை இரும்புப் பெட்டியிலும் மற்றதைத் தண்ணீர் வரை இறங்கியிருக்கும் வாசல் அடிபம்பிலும் கட்டி, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி மெயினைப் போட்டேன். பல்பு சும்மா இருந்தது. தம்பியை மிக்ஸியைப் போடச் சொன்னேன். பல்பு எரிந்தது.

அம்மா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வண்டிதான்னு நெனச்சேன்," என்றார். பிறகு தம்பியிடம், "ஏன்டா, அக்காவ ஜூஸ் போட பாத்தியா?"

நான் மெயினை மறுபடி இறக்கினேன். தம்பி எர்த்துக் கம்பியில் சுற்றியிருந்ததைத் தானே போய் அவிழ்த்தார்.

கடைக்கு இரண்டு ஒயராக லைன் இழுத்துக் கொடுத்தேன். ஜாய்ஸ்டிக் ஒயருக்குக் கறுப்பு டேப் சுற்றினேன். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி மிக்ஸியை ஓடவிட்டேன். ஸ்பீக்கர்கள் முனகவில்லை, டெஸ்டர் எரியவில்லை.

"மொதல்ல நீ புடி," என்றார் அம்மா.

நியாயம்தான். புறங்கையால் தொட்டேன். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு கையில் எடுத்தேன். கார் கிளம்பியது, முதல் வளைவிலேயே சுவரில் மோதியது. ஜாய்ஸ்டிக் கைக்குள் அதிர்ந்தது. கத்திக்கொண்டே அதை வீசிவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. வெளியே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"அது வண்டிப்பா," என்றார் அம்மா மெதுவாக. அதை எடுக்கக் குனிந்தார். கையைத் திருப்பி, முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.