பட்டறையில் இல்லாத பையன்

"உங்க பையனுக்கு நல்ல கைங்க," என்றார் தையற்காரர், புது ஸ்டூலைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தபடி.

"ஆமாங்க," என்றார் அப்பா.

"ஆளு எங்க? ஒரு நாளும் கண்ணுல படலையே."

"கூச்சக்காரன். உள்ள வேலையா இருக்கான்."

"அவனுக்கு என் கையால ஒரு சட்டை தைச்சுத் தரேன். அளவு சொல்லுங்க."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "என் மக உயரம்தான் இருப்பான்."

தடுப்புப் பலகைக்குப் பின்னால் அந்த மகள் கையில் உளியோடு நின்றிருந்தாள். அவர்கள் வீட்டில் பையன் கிடையாது. பெற்றது அவள் ஒருத்தியைத்தான். ஸ்டூலைச் செய்ததும் அவள்தான்.

அன்று சாப்பிடும்போது கேட்டாள். "எந்தப் பையன்ப்பா?"

"வியாபாரத்துக்குச் சொல்றதும்மா. பொண்ணு செஞ்சதுன்னா, தாங்குமான்னு மேல ஏறிக் குதிச்சுப் பாப்பாங்க."

"குதிக்கட்டுமே. தாங்கும்ல?"

அப்பா தட்டைப் பார்த்தார். "இல்லாத புள்ளைக்குச் சட்டை வேற," என்றாள் அம்மா.

சட்டை வந்தது. அவள் அதைப் பட்டறையில் தன் உடைக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். ரோஷத்தோடுதான் போட்டாள், அப்பா பார்க்கிற ஒவ்வொரு தடவையும் உறுத்தட்டும் என்று.

அவருக்கு உறுத்தியதாகத் தெரியவில்லை. அவர் கவனமெல்லாம் தரையில் இருக்கும். தெருவில் கிடக்கும் ஆணியைக்கூட விடமாட்டார். பொறுக்கி வந்து கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவார். ஊரில் அவருக்கு ஆணிக்காரர் என்றே பெயர். உடைந்த கட்டிலின் கால் அவர் கையில் மேசைக்கால் ஆகும். பசை காயும்வரை பலகைகளை இறுக்கிக் கட்ட, கிழிந்த சைக்கிள் டியூப். மகளுக்கும் நல்ல மரத்தை எடுத்தவுடனே கொடுத்துவிடவில்லை. "நல்ல மரத்துல யார் வேணா செய்வாங்க," என்று வெடித்த பலகையைத்தான் தள்ளிவிடுவார். வெடிப்பு எங்கே முடிகிறது என்று அவள் விரல் நுனியால் தேடப் பழகியது அப்படித்தான்.

அவளுக்கு இடக்கை. பள்ளிக்கூடத்தில் அந்தக் கைக்கு அடி விழுந்த நாளில், அப்பா நேரே பட்டறைக்குப் போய் வேலைமேசையைச் சுவர்ப்பக்கமிருந்து திருப்பிப் போட்டார். பலகை நகராமல் தடுக்கும் கட்டையைக் கழற்றி மறுமுனையில் அடித்தார். ரம்பம், இழைப்புளி எல்லாம் அவள் இடது கைக்கு எட்டும்படி மாட்டினார். தானும் அதற்கேற்ப வளைந்து கொடுத்து வேலை செய்யப் பழகிக்கொண்டார்.

அதை நினைக்கும்போதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். ஒரு பட்டறையையே அவளுக்காகத் திருப்பிப் போட்ட மனிதருக்கு, "என் மக செஞ்சது" என்று சொல்ல மட்டும் நாக்கு திரும்பாதா?

அடுத்துத் தையற்காரர் துணி வெட்டும் மேசை ஒன்று கேட்டார். கத்தரிக்கோலைச் செருகிவைக்க ஓரத்தில் ஒரு துளையும் வேண்டுமாம். அவள் செய்து முடித்தாள். அப்பா தடவிப் பார்த்து, "குறை சொல்ல ஒண்ணுமில்ல," என்று அனுப்பிவைத்தார். அவரிடமிருந்து அதற்குமேல் பாராட்டு வராது.

மறுநாளே தையற்காரர் வந்து நின்றார். "துளையை இடது ஓரத்துல போட்டிருக்கான். கத்தரிக்கோலை எடுக்க ஒவ்வொரு தடவையும் மேசையைத் தாண்டிக் கையை நீட்டணும். பையன் பீச்சாங்கையா?"

அப்பா தலையைச் சொறிந்தார். இத்தனை வருஷத்தில் இடப்பக்கமே அவருக்கும் சரியான பக்கமாகிவிட்டிருந்தது. "ஆமாங்க, இடக்கைதான்."

"அட, முன்னாடியே சொல்லக் கூடாதா? சட்டைப்பையை வலப்பக்கம் வச்சிருப்பேனே. சரி, வேற யாரும் கை வைக்க வேணாம். செஞ்சவனே வந்து மாத்தட்டும்."

அவர் போனதும் அப்பா தடுப்புக்குப் பின்னால் வந்தார். "நாளைக்குக் காலையில நான் போய் மாத்திடறேன். துளை எப்படி எடுத்தே, சொல்லு."

"உங்க பையனைக் கேளுங்க."

"என்னம்மா..."

"திட்டு வாங்க மட்டும் நான் வேணுமா? நல்ல கைன்னு சொன்னப்ப அவன் கை. தப்புன்னதும் என்கிட்ட வரீங்க. என் தப்புதான், நானே போய் மாத்தறேன். ஆனா நான்தான் செஞ்சேன்னு சொல்லித்தான் உளியைத் தொடுவேன். முடியாதுன்னா நாளையிலிருந்து மொத்த வேலையையும் உங்க பையனே செய்யட்டும்."

உளியைத் துடைத்து மாட்டினாள். அப்பா வளைந்த ஆணி ஒன்றை எடுத்துத் தட்டினார். அது நேரான பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் தையற்காரர் மறுபடி வந்தார். "என்னங்க, எங்கே அவன்?"

அப்பா எழுந்து தடுப்புக்குப் பின்னால் வந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கியிருந்தாள்.

"கழட்டாதம்மா," என்றார் மெல்ல. "அந்தச் சட்டையோடயே வெளிய வந்து என் பக்கத்துல நில்லு. தனியா நின்னா எனக்கு வாய் வராது."