காய்ச்சல் இல்லாத வீட்டுக்கு ஒரு பிரெட் மிஷின்

ஐந்து நாள் தொடர்ந்து பிரெட் வாங்கினால் பெரியநாயக்கன்பாளையத்தில் என்ன ஆகும் தெரியுமா? ஆறாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பை சாத்துக்குடியோடு வாசலில் வந்து நிற்பார். "ஏனுங்க அம்மணி, பாப்பாவுக்கு இன்னும் காச்சல் உடலீங்களா? தெனத்துக்கும் பிரெட்டு வாங்கீட்டுப் போறீங்கன்னு கடைக்காரர் சொன்னாருங்க." நோயாளிக்குத்தான் பிரெட் என்பது இந்த ஊர்க் கணக்கு. "காச்சலெல்லாம் இல்லீங்கக்கா, அவ சாப்பாடே அதுதானுங்க" என்றேன். அக்கா நம்பினால்தானே! என் மகள் தாரிணியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இளைச்சுத்தான் போயிட்டா" என்று பழத்தை வைத்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பிள்ளை நிஜமாகவே இளைத்திருந்தாள்.

ஊருக்குத் திரும்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஜெர்மனியில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு நான் ஊருக்கு வந்தேன். தாரிணி ஊரைவிட்டு வந்தாள். ஸ்டுட்கார்ட்டில் பிறந்து பன்னிரண்டு வயதுவரை வளர்ந்தவள் அவள். அங்கே ராச்சாப்பாடே ரொட்டிதான், 'ஆபென்ட்ப்ரோட்' என்பார்கள். ரை என்கிற தானியத்தில் செய்த, கறுத்த, புளிப்பான ரொட்டி. போன புதிதில் நான் பேக்கரியில் அரைகுறை ஜெர்மனில் "இருப்பதிலேயே மெத்தென்று இருப்பதைக் கொடுங்கள்" என்று கேட்க, கடைக்காரம்மா "பல் பிடுங்கினீர்களா?" என்று பரிவோடு விசாரித்தார். எனக்குத் தாடை வலித்த அந்த ரொட்டிதான் என் மகளுக்கு வீட்டு ருசி. இங்கத்திய பிரெட் இனிக்கிறது என்று இரண்டு வாயோடு வைத்துவிடுவாள். ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்: "வருஷக் கடைசியில எனக்குப் பிடிக்கலைன்னா திரும்பிப் போயிரலாம்னு சொன்னீங்கல்லம்மா?" சொன்னேன்தான். கிளம்பும்போது அவள் அழுகையை நிறுத்தச் சொன்ன வார்த்தை அது. எனக்குப் பகீரென்றது. அந்த ரொட்டியை இங்கேயே செய்து கொடுத்தால் இருந்துவிடுவாள் என்று ஒரு அற்ப ஆசை.

கோவை கிராஸ்கட் ரோட்டு எலெக்ட்ரிக் சாமான் கடையில் விற்பனையாளர் முதலில் டோஸ்டரைக் காட்டினார், அப்புறம் சப்பாத்தி மேக்கரை. "அதில்லீங்க, மாவு, தண்ணி, ஈஸ்ட் போட்டா தானே பிசைஞ்சு, உப்ப வெச்சு, சுட்டுக் குடுக்குமே, அது." உள்ளேயிருந்து இரண்டு மாடல் வந்தது. ஒன்று சிறியது, இன்னொன்றுக்குப் பதினெட்டுப் பொத்தான். நான் மோட்டார் பட்டறைக்காரர் வீட்டுப் பெண். ரை மாவு பசைபோல் ஒட்டும், மோட்டார் திணறும். "கவுத்துக் காட்டுங்க. வைண்டிங் கம்பி காப்பரா, அலுமினியமா?" அவர் ஆடிப்போனார். "தண்ணி மோட்டாருக்குக் கேப்பாங்க, பிரெட்டு மிஷினுக்கு யாரும் கேட்டதில்லீங்களே!" நான் விடுவேனா, பெரிய மேனேஜர் வரைக்கும் வரவழைத்துவிட்டேன். அதுவரை வாய் திறக்காத தாரிணி சின்ன மிஷினைத் தொட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இத ஜெர்மனிக்கு எடுத்துட்டுப் போனா வேலை செய்யுமா?" விற்பனையாளருக்கு ஒரே சந்தோஷம். "தாராளமா செய்யுங்க கண்ணு! கரண்டு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். பிளக்க மட்டும் மாத்திக்கோணும்." அந்த மனிதரைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. காப்பரும் வேண்டாம், அலுமினியமும் வேண்டாம் என்று தாரிணி தொட்ட சின்னதையே வாங்கினேன்.

ஆன்லைனில் வரவழைத்த ரை மாவில் முதல் ரொட்டி உப்பாமல் செங்கல்லாக வந்தது. இரண்டாவது தண்ணீரைக் கூட்டியதும் சரியாக வந்தது. தாரிணி நின்றுகொண்டே நாலு துண்டு தின்றாள். எத்தனை நாள் ஆயிற்று அவள் அப்படித் தின்று! பக்கத்து வீட்டுக்கும் இரண்டு துண்டு கொண்டுபோனாள். "எனக்கெதுக்குங்க கண்ணு, நான் நல்லாத்தானே இருக்கறேன்!" என்று அக்கா பதறியது எங்கள் சமையலறை வரை கேட்டது. தாரிணி சிரித்துக்கொண்டே வந்தாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை பழைய பேப்பர்காரர் வந்தபோது மிஷின் வந்த அட்டைப்பெட்டியைத் தேடினேன். தாரிணியின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. தெர்மாகோலை ஒரு துண்டு உடையாமல் அதனதன் இடத்தில் பொருத்தி மூடி வைத்திருந்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன், ஆனால் எந்த வாயால் திட்டுவது? இங்கிருந்து கொண்டுபோன கிரைண்டரின் பெட்டியை, எப்படியும் ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம் என்று, பதினான்கு வருடம் நிலவறையில் பத்திரப்படுத்தியவள் நான். மூன்று வீடு மாறியபோதும் அந்தக் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பேப்பர்காரரிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். துடைப்பத்தை எடுத்துக் கட்டிலுக்கு அடியில், பெட்டியை நகர்த்தாமல், சுற்றிப் பெருக்கினேன்.