கறைக்கு மேலே ஒரு சாண்

அம்மாவுக்கு முட்டி போய்விட்டது, இனி தரையில் படுக்கவே கூடாது என்றார் டாக்டர். ஹார்பரில் மெஷின் வந்திறங்கும் பெட்டிகளைப் பிரித்த பலகை ராயபுரத்தில் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கி, ஆணி பிடுங்கி, இழைத்து, நானே கட்டில் செய்தேன்.

எண்ணூரில் எங்கள் வீட்டுச் சுவரில், வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கறை இடுப்பளவுக்கு இன்னும் நிற்கிறது. எவன் விட்ட எண்ணெயோ, எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் மேலே வந்துவிடும். கட்டில் அந்தக் கறைக்கு ஒரு சாண் மேலே நிற்கிற மாதிரி கால்களை வெட்டினேன். அடுத்த வெள்ளத்தில் அம்மா நனையக் கூடாது. அதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

அம்மா வந்து பார்த்தாள். பலகை அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"இன்னாடா இது, ஏணி வெச்சா ஏறணும்?"

என் மேலேயே எரிச்சலாக வந்தது. கால்களை அறுக்க ரம்பத்தை எடுத்தேன்.

"வுடுடா, மழைக்காலம் வருது" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது அரிசி மூட்டை, டிவி, பத்திரப் பெட்டி எல்லாம் கட்டில் மேல் பத்திரமாக இருக்கின்றன. அம்மா அதற்கடியில், தரையில் பாய் விரித்துப் படுக்கிறாள்.